யஹ்யா நானாவுக்கு நாம் கொடுத்த மருந்துகள்

மிளகு வாங்கும் மும்முரத்திலும் கடையைப் பூட்டிவிட்டு வந்து இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய ஹாஜியார் அப்துல் ஸமத் அவர்களே! நாடியைத் தொட்டே நம் நேற்றைய சாப்பாட்டைச் சொல்லிவிடும் சித்த வைத்தியர் அவர்களே! அவருக்குப் பக்கத்தில், அவர் சொல்வதை முழுவதும் ஒப்புக்கொள்ளாத முகத்தோடு வீற்றிருக்கும் ஆயுர்வேத வைத்தியர் அவர்களே! இவர்கள் இருவரையும் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருக்கும் யூனானி ஹக்கீம் அவர்களே! சின்னஞ்சிறு வெள்ளை உருண்டைகளால் பென்னம்பெரிய வருத்தங்களை மிரட்டும் ஹோமியோபதி வைத்தியர் அவர்களே! நம்மையெல்லாம் குத்திவிட்டு நம்மிடமே நன்றியும் வாங்கும் அக்குபங்சர் நிபுணர் அவர்களே! பிளாஸ்டிக் கதிரையிலும் முதுகு வளையாமல் அமர்ந்திருக்கும் யோகா ஆசிரியை பிரசாந்தினி அவர்களே! இத்தனை பேருக்கும் நடுவே, ஸ்டெதஸ்கோப்பைக் கைப்பையில் மறைத்துக்கொண்டு தனியொருவராக வந்திருக்கும் ஆஸ்பத்திரி டொக்டர் சந்திரவதனா அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! வைத்தியங்களுக்கெல்லாம் மூத்த வைத்தியமாகிய கொத்தமல்லித் தண்ணீரை எங்களுக்கு மூக்கைப் பிடித்துப் புகட்டிய தாய்மார்களே! நாவுலயிலிருந்தும் யட்டவத்தயிலிருந்தும் வந்து, உடம்பை இங்கேயும் மனத்தைக் கடைசி பஸ்ஸிலும் வைத்திருக்கும் அன்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வந்தனம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘மாற்று மருத்துவத்தின் வகைகளும் பயன்களும்’. தரப்பட்ட நேரம் இருபது நிமிடம். அதில் ஐந்து நிமிடம் இந்த மேடைக்கு வணக்கம் சொல்வதிலேயே போய்விட்டது. குறை கூறவில்லை. மரியாதையில் குறை வைக்கக்கூடாது என்பதுதான் நம்முடைய மாவட்டத்தின் முதல் சட்டம். அந்தச் சட்டத்தால் ஓர் உயிர் போகப் பார்த்த கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் தலைப்புக்கு நியாயம் செய்துவிடுகிறேன்.

சித்தம், ஆயுர்வேதம், யூனானி. மூன்றும் மூலிகையை நம்பும் மூத்த முறைகள். கஷாயம் எவ்வளவு கசக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதில் மட்டும் மூன்றுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சுளுக்கென்றால் எண்ணெய், மூட்டுப்பிடிப்பென்றால் ஒத்தடம், இருமலென்றால் லேகியம். ஹோமியோபதி வேறு வழி. அங்கே மருந்தைக் குறைக்கக் குறைக்க வீரியம் கூடும். நம்மூர் ஹோட்டல்காரர்கள் கறியில் இறைச்சியைப் பல காலமாக இந்தத் தத்துவத்தின்படிதான் போடுகிறார்கள். அக்குபங்சர், நாட்பட்ட வலிக்குப் பலர் நாடும் முறை. ஹிஜாமா, கிண்ணம் வைத்து இரத்தம் எடுப்பது. யோகா, மூச்சையும் முதுகையும் சீராக்குவது. பிரசாந்தினி அம்மையார் ரிவர்ஸ்டன் மலையின் மூடுபனிக்குள் நடத்திய முகாமில் நானும் கலந்துகொண்டேன். பனியில் ஒருவரையொருவர் பார்க்க முடியாததால், எல்லோரும் எல்லா ஆசனத்தையும் சரியாகச் செய்தோம்.

இவை போக, கண்டி வீதியோரத் தோட்டங்களில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே செய்யப்படும் ஒரு வைத்தியமும் உண்டு. அதில் வழுக்கைத் தலையோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர், வழுக்கைத் தலையோடும் ஒரு பை எண்ணெய்ப் போத்தல்களோடும் ஏறுவார். அது மருத்துவத்தில் சேருமா, வாணிபத்தில் சேருமா என்று அறிஞர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆனால் அவையோர்களே, எந்தப் புத்தகத்திலும் இல்லாத, எந்தக் கல்லூரியிலும் கற்பிக்கப்படாத ஒரு வைத்தியம் நம்மிடையே கொடிகட்டிப் பறக்கிறது. அதற்குப் பயிற்சி தேவையில்லை. பட்டம் தேவையில்லை. நாடி வேண்டாம், நரம்பு வேண்டாம், நாக்கு மட்டும் போதும். அதுதான் ‘சுகம் விசாரிக்க வந்தவர் வைத்தியம்’!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிப்பும் ஒரு மாற்று மருத்துவம்தான், இங்கே பக்கவிளைவு இல்லாத ஒரே மருத்துவம்.

நம்மூரில் ஒருவருக்கு வருத்தமென்றால் என்ன செய்கிறோம்? தோடம்பழமும் பிஸ்கட் பெட்டியும் வாங்குகிறோம். அது வெறும் பாயிரம். கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு, ‘எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கும் இதே வருத்தந்தான்’ என்று தொடங்குகிறோம். பிறகு பையிலிருந்து ஒரு போத்தல் வெளிவருகிறது. முதல் வேளை மருந்தை நம் கண்முன்னே அவர் குடித்தாக வேண்டும். குடித்த பிறகுதான் நமக்குத் தேத்தண்ணீர் இறங்கும். அடுத்த நாள் சந்தையில், பள்ளிவாசல் வாசலில், கோயில் தேர்முட்டியில், அவரையோ அவர் வீட்டாரையோ மடக்கிக் கேட்கிறோம், ‘குடிக்கிறீங்கதானே?’

அவர் ‘இல்லை’ என்று சொல்லமாட்டார். சொன்னால் உறவு போகும். குடித்தால் உயிர்தான் போகும். நம் ஆட்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நண்பர் யஹ்யா குடித்தார்.

யஹ்யா நானாவை உங்களில் பலருக்குத் தெரியும். கொங்காவலையில் வாசனைத் திரவியக் கடை. கராம்பு, கறுவா, சாதிக்காய், மிளகு. அதிர்ந்து பேசமாட்டார். யாருக்கும் இல்லையென்று சொல்லமாட்டார். அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தது. நம் டொக்டர் சீனியைக் குறைக்கும் குளுசை கொடுத்தார். யஹ்யாவும் ஒழுங்காகப் போட்டார். காரியம் அத்தோடு முடிந்திருக்கும். ஊருக்குத் தெரிந்திராவிட்டால்!

முதலில் வந்தவர் மகாலிங்கம் ஐயா. அரசாங்கக் கச்சேரியில் உயர்பதவி வகித்து ஓய்வு பெற்றவர். அவருடைய கையில் பாவற்காய்ச் சாறு. பச்சை நிறத்தில், பார்த்தாலே பயம் வரும். ‘விடிய வெறுவயித்தில குடியும். நான் சொல்லுறன், சீனி உம்மட வீட்டுப் படலையும் தாண்டாது’ என்றார்.

இரண்டாவதாக வந்தவர்... தலைவர் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

மன்னித்துவிட்டதாகத் தலையசைக்கிறார். இரண்டாவதாக வந்தவர் நம் ஹாஜியார்தான். தேனில் குழைத்த கருஞ்சீரகம் கொண்டுவந்தார். அந்தக் கருஞ்சீரகத்தை எங்கே வாங்கினார் என்று நினைக்கிறீர்கள்? யஹ்யாவின் கடையில்! யஹ்யா நிறுத்து, பொதி கட்டி, ‘வீட்டுல யாருக்கு ஹாஜியார் சுகமில்ல?’ என்று கவலையோடு விசாரித்தும் அனுப்பியிருக்கிறார். பின்னேரம் அதே பொதி அவருடைய கட்டிலுக்கே வந்து சேர்ந்தது.

மூன்றாவதாக, யஹ்யாவின் மனைவியின் தம்பி றிஸ்வி. மச்சான் கொண்டுவந்தது ஒரு மரக்கோப்பை. சீனியைக் குறைக்குமென்று பேர்பெற்ற கொத்தலஹிம்புட்டு மரத்தைக் குடைந்து செய்தது. இரவு தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிக்க வேண்டும். நான்காவதாகப் பக்கத்து வீட்டு நிஷ்மியா தாத்தா, தெருவுக்கே மூத்த அக்கா. யாரோ மிச்சம் வைத்த ஹோமியோபதி உருண்டைகள். சீனி வருத்தக்காரருக்குச் சீனி உருண்டை கொடுப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். ஐந்தாவதாக ரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து ஏலக்காய் கொண்டுவரும் வேலம்மா. அவர் கொடுத்தது கொவ்வை இலைச் சம்பல். இத்தனையிலும் ருசியானது அது ஒன்றுதான் என்று யஹ்யா பிறகு ஒப்புக்கொண்டார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த மேடையில் இருக்கும் வைத்தியர்களில் ஒருவர்கூட யஹ்யாவுக்கு மருந்து கொடுக்கவில்லை. அவர்களிடம் போயிருந்தால், ‘வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?’ என்றுதான் முதலில் கேட்டிருப்பார்கள். ஆண்டுக்கணக்காகப் படித்தவர்கள் கேட்கும் கேள்வியை, அரைக்கோப்பைத் தேத்தண்ணீர் நேரத்தில் வைத்தியரானவர்கள் கேட்பதில்லை.

இன்னொரு விசேஷம். ஒவ்வொருவரும் தன்னுடைய மருந்தை மட்டும்தான் யஹ்யா குடிக்கிறார் என்று நம்பினார். பாவற்காய் வீட்டில். கருஞ்சீரகம் கடையில். கோப்பைத் தண்ணீர் கடையின் பின்னறையில். ஒருவர் கொடுத்தது இன்னொருவர் கண்ணில் படாமல் அந்த மனிதர் பட்ட பாட்டை, ஐந்து குடும்பம் வைத்திருப்பவர்கூடப் பட்டிருக்கமாட்டார்.

பின்வரிசையில் யாரோ இருமுகிறார்கள். அனுபவமா, கொத்தமல்லியா?

ஒரு திங்கட்கிழமை முற்பகல், கராம்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். உடம்பெல்லாம் வியர்வை. கை நடுக்கம். பேச்சுக் குளறல். ஊர் ஓடிவந்தது. ஓடிவந்த ஊர் ஒரே குரலில் என்ன சொன்னது? ‘சீனி கூடிட்டு!’

சீனி கூடவில்லை, அவையோர்களே. அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. கூடியதென்று நினைத்து, மகாலிங்கம் ஐயா வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பாவற்காய்ச் சாறும் வரவழைத்துவிட்டார்கள். நல்லவேளையாக யஹ்யாவின் பல் கிட்டியிருந்தது. அன்றைக்கு அவரைக் காப்பாற்றிய முதல் வைத்தியர் அவருடைய தாடைதான்.

த்ரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நம் டொக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். யஹ்யா கண் திறந்தார். எல்லோரும் பெருமூச்சு விட்டோம். சற்று நேரத்தில் மறுபடியும் கண் செருகியது. மறுபடியும் ஏற்றினார்கள். மறுபடியும் விழுந்தது. ஏற்ற ஏற்ற இறங்கியது! காரணம் தெரியாமல் டொக்டர் கட்டிலைச் சுற்றி வந்தார்.

பார்வையாளர் நேரம். கட்டிலைச் சுற்றி நாங்கள் எல்லோரும். டொக்டர் குனிந்து கேட்டார். ‘ஐயா, நான் தந்த குளுசையை விட வேற என்ன மருந்து எடுத்தனீங்கள்?’

யஹ்யா கண்ணைச் சுழற்றினார். கால்மாட்டில் மகாலிங்கம் ஐயா. தலைமாட்டில் ஹாஜியார். ஜன்னலோரம் மச்சான். ஒருவர் பெயரைச் சொன்னால் மற்ற நால்வருக்கும் துரோகம்.

‘ஒண்டுமில்ல டொக்டர்’ என்றார்.

வாழ்வுக்கும் மரணத்துக்கும் நடுவில் ஊசலாடிய மனிதர், மரியாதையை விட்டுக்கொடுக்கவில்லை! சுற்றி நின்றவர்களோ, தன்னைத்தான் காப்பாற்றுகிறார் என்று தனித்தனியே நெகிழ்ந்தார்கள். ஹாஜியார் கண்ணைக்கூடத் துடைத்தார்.

டொக்டருக்குப் பொறுமை போய்விட்டது. ‘சீனி முப்பத்தெட்டுக்கு வந்திட்டுது. விளங்குதோ? முப்பத்தெட்டு!’ என்று சத்தம் போட்டார்.

அவர் எச்சரித்தார். நம் ஆட்களோ அதைப் பரீட்சை முடிவு என்று நினைத்துவிட்டார்கள்.

‘முப்பத்தெட்டோ?’ மகாலிங்கம் ஐயாவின் முகம் மலர்ந்தது. ‘நான் சொன்னனான்தானே! என்ர பாவற்காய்ச் சாறு, டொக்டர்!’

‘என்ன சாறு?’ ஹாஜியார் பாய்ந்தார். ‘கருஞ்சீரகம் குடுத்தது நான். ஒங்கட சாற அவர் கையாலயும் தொட்டிருக்கமாட்டார்!’

‘நீங்க ரெண்டு பேரும் சும்மா இரிங்க’ என்றார் றிஸ்வி. ‘மச்சான் குடிச்சது என்ட கோப்பத் தண்ணி. கடையில போய்ப் பாருங்க, கோப்ப இன்னும் ஈரமா இரிக்கும்!’

‘இந்த உருண்டையையும் ரெண்டு நாளைக்குக் குடுத்துப் பாருங்களேன்’ என்று நிஷ்மியா தாத்தா முந்தானையை அவிழ்த்தார். வேலம்மா பின்னாலிருந்து, ‘எலச் சம்பலு நல்லாத்தான் வேல செஞ்சிருக்குங்க’ என்றார் அடக்கமாக.

மனித குலம் உண்மையைச் சொல்வதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. பயம், பக்தி, பாசம். அன்று அந்த வார்டில் உண்மையை வெளியே கொண்டுவந்தது பெருமை! டொக்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கைகட்டி நின்றார். மருந்துகள் தாமாக வந்து வரிசையில் நின்றன. யஹ்யா கண்ணை இறுக மூடிக்கொண்டார். அது சீனி இறங்கியதால் வந்த மயக்கம் என்று நான் நினைக்கவில்லை.

எல்லாம் கேட்ட டொக்டர் தலையை ஆட்டினார். ‘இவ்வளவும் சேர்ந்தால் சீனி குறையும். உண்மைதான். ஆனால் நான் ஏத்த ஏத்த இப்பிடித் திரும்பத் திரும்ப விழுத்தாது. இன்னும் என்னவோ உள்ளுக்குப் போயிருக்கு. என்னெண்டு தெரியாட்டில் இவரைக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியும் அங்க இருட்டுக்குள்ளதான் தேடுவினம்.’

பெருமைப்பட்டவர்கள் ஒவ்வொருவராகக் கட்டிலைவிட்டுப் பின்வாங்கினார்கள்.

அப்போது சுவரோரம் நின்ற ஹமீமா முன்னால் வந்தார். யஹ்யாவின் மனைவி. அதுவரை அந்த வார்டில் அவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நான் உட்பட. கைப்பையிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்தார். பச்சை நிறத் தூள். நாவுல சந்தையில் ஒலிபெருக்கி கட்டிய வேனில் விற்றது. ‘தூய மூலிகை, ஆங்கில மருந்து துளியும் இல்லை’ என்று டப்பா சத்தியம் செய்தது.

‘நான்தான் டொக்டர்’ என்றார். ‘காலையிலயும் பின்னேரமும் அவர்ட தேத்தண்ணியில கலந்தேன். அவருக்குச் சொல்லல்ல.’

‘ஏனம்மா?’

‘ஊர்ல எல்லாரும் ஆளுக்கொரு மருந்து கொண்டுவந்து குடுக்குறாங்க. பொஞ்சாதி நான் சோறு மட்டுந்தானே குடுக்குறேன்னு நெனச்சேன்.’

அவையோர்களே, டொக்டர் அந்த டப்பாவை வாங்கி மூடியைத் திறந்தார்.

அப்போது யஹ்யா கண்ணைத் திறந்தார். ‘எனக்குத் தெரியும்’ என்றார்.

‘என்னத்தங்க தெரியும்?’

‘தேத்தண்ணி கசந்தா எனக்குத் தெரியாதா? நாப்பது வகச் சரக்க மூக்கால பிரிக்கிறவன் நான். நீ ஒளிச்சு ஒளிச்சுக் கலக்குறதயும் கண்டேன். கேட்டா வெக்கப்படுவியேன்னு குடிச்சேன்.’

ஹமீமா அழுதார். அழுதுகொண்டே ஏசினார். ‘கேட்டிருக்கலாமே! வாய் எதுக்கு இரிக்கி? மருந்து குடிக்க மட்டுமா?’

இந்த வாக்கியத்தை மாத்தளை மணிக்கூட்டுக் கோபுரத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று நான் மாநகர சபைக்கு முன்மொழிகிறேன்.

டொக்டர் அந்தத் தூளை முகர்ந்து பார்த்தார். ‘இதுக்குள்ள சீனிக் குளுசையை அரைச்சுக் கலந்திருக்கெண்டுதான் நான் சந்தேகப்படுறன்’ என்றார். பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் சந்தேகம் வந்ததும் சிகிச்சை மாறியது. குளுக்கோஸை நிறுத்தாமல் ஏற்றினார்கள், விடிய விடியக் காவல் இருந்தார்கள். அடுத்த நாள் மத்தியானத்துக்குமேல் சீனி விழவில்லை. யஹ்யா பிழைத்தார்!

நன்றி, கைதட்டியதற்கு நன்றி. ஆனால் கையைக் கொஞ்சம் கீழே வையுங்கள். கதை முடியவில்லை.

யஹ்யா வீட்டுக்கு வந்துவிட்டார். ஊர் என்ன பேசுகிறது? ‘பொஞ்சாதி புருஷனுக்கு நஞ்சு வெச்சிட்டாளாம்.’ இதை நான் முடிதிருத்தும் கடையில் கேட்டேன். மீன் சந்தையில் கேட்டேன். இந்த மண்டபத்தின் வாசலிலேயே இன்று கேட்டேன்! பாவற்காய் கொடுத்தவருக்குப் பழியில்லை. கருஞ்சீரகத்துக்குப் பழியில்லை. கோப்பைக்குப் பழியில்லை. ஹமீமா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார். இந்தக் கதையை மேடையில் சொல்ல அனுமதி கேட்டுப் போனேன். யஹ்யா உடனே சரியென்றார். ஹமீமா கதவுக்குப் பின்னாலிருந்து, ‘சொல்லுங்க. ஏற்கனவே எல்லாரும் சொல்றாங்கதானே’ என்றார்.

கேட்கிறேன், உங்களைத்தான் கேட்கிறேன். அந்த வார்டில் எத்தனை பேர் மருந்து கொடுத்தவர்கள்? அத்தனை பேரும் பரிசு கிடைக்கும் என்று நினைத்து வாய் திறந்தார்கள். தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தும் வாய் திறந்தவர் யார்? பாராட்டுக்காகப் பேசியவர்கள் பலர். புருஷனுடைய உயிருக்காகப் பேசியவர் ஒருவர்! அவர் அந்த டப்பாவைக் கைப்பைக்குள்ளேயே வைத்திருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? அவர் பெயர் காப்பாற்றப்பட்டிருக்கும். கணவர் காப்பாற்றப்பட்டிருப்பாரா? டொக்டர் மேடையில் இருக்கிறார். டொக்டர், நீங்களே சொல்லுங்கள்.

‘இல்லை’ என்று தலையாட்டுகிறார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தமோ ஆயுர்வேதமோ, யூனானியோ யோகாவோ, ஊசியோ உருண்டையோ, எதை எடுத்தாலும் எடுங்கள். படித்தவரிடம் எடுங்கள். எடுப்பதை மற்ற வைத்தியரிடம் சொல்லுங்கள். கசப்பானது என்றாலும் சொல்லுங்கள். களவாகக் குடித்தது என்றாலும் சொல்லுங்கள். மாமி தந்தது என்றாலும் சொல்லுங்கள், மாமிக்கு நான் பதில் சொல்கிறேன். உங்கள் மரியாதையைப் பரிசோதிக்க ஆஸ்பத்திரியில் கருவி இல்லை. உங்கள் இரத்தத்தைப் பரிசோதிக்கத்தான் இருக்கிறது.

இந்தக் கூட்டம் முடிந்ததும் யஹ்யாவைப் பார்க்க இரண்டு வேன் புறப்படுவதாக எனக்கு முன்பு பேசியவர் அறிவித்தார். பலத்த கைதட்டல் எழுந்தது. கைதட்டும்போது பல கதிரைகளுக்கு அடியில் போத்தல்கள் உருண்ட சத்தமும் எழுந்தது. மேடையிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிகிறது. இரண்டாம் வரிசையில் மகாலிங்கம் ஐயா மடியில் ஒரு பை. ஐயா, அது என்ன?

‘வெந்தயம்’ என்கிறார். ‘இது இறங்கின சீனியை ஏத்துறதுக்கு’ என்கிறார்.

ஐயா, உங்கள் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. அந்த அன்பிலிருந்து யஹ்யாவைக் காப்பாற்றத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். அதை இப்படி மேடைக்கு அனுப்பிவிடுங்கள். நன்றி. அங்கே அந்தப் போத்தலும். நன்றி. தலைவர் அவர்களே, உங்கள் கதிரைக்கு அடியில் இருப்பதையும் மேசைக்கு மேலே வைத்துவிடுங்கள். மிக்க நன்றி. வைத்தியர்கள் ஆறு பேர் இருக்கும் மேடையில் மருந்துக்கு என்ன பாதுகாப்புக் குறைவு?

ஒரு சகோதரர் எழுந்து கேட்கிறார், ‘வெறுங்கையோட எப்படிங்க போறது?’

நல்ல கேள்வி. யஹ்யாவிடம் மிளகு விலையைப் பற்றி ஒரு சண்டை பிடியுங்கள், அவருக்கு உடனே சுகமாகும். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த வீட்டில் வருத்தப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவரைத்தான் ஊர் பார்க்கப் போகிறது. இரண்டு வேனிலிருந்தும் இறங்குகிறவர்கள், கட்டிலருகே போகுமுன், ஹமீமா சமைக்கும் குசினி வாசலில் நில்லுங்கள். ‘ஹமீமா, நீங்க எப்படி இருக்கீங்க?’ என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை நில்லுங்கள். குறுக்கே பேசாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கும் இதே வருத்தம் என்று சொல்லாதீர்கள்.

தலைவர் எழுந்துவிட்டார். நேரமாகிவிட்டதென்று சொல்லப்போகிறாரோ என்று பயந்தேன். இல்லை. ஒலிவாங்கியில் சொல்லச் சொல்கிறார். முதல் ஆளாகத் தானே அந்தக் குசினி வாசலில் நிற்பாராம்.

ஹாஜியார் அவர்களே, இந்தக் கைதட்டலைக் கேளுங்கள். இது எனக்கல்ல.

இந்த வாய்ப்பைத் தந்த ஏற்பாட்டாளர்களுக்கும், என் கேலியைப் பொறுத்துக்கொண்ட வைத்தியப் பெருமக்களுக்கும், பெயர் சொன்னபோதெல்லாம் சிரித்த மகாலிங்கம் ஐயாவுக்கும், பஸ்ஸைத் தவறவிட்டு அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. உங்கள் வீடுகளில் சாந்தியும் சுகமும் தங்கட்டும். வணக்கம் சொல்லி விடைபெறுகிறேன். வேன்கள் வாசலில் நிற்கின்றன. தாய்மார்கள் முதலில் ஏறுங்கள்.